வாடகை நிலத்தில் ஆஸ்பத்திரி: மாசசூசெட்ஸ் சட்டத்தின் பலமும் ஓட்டையும்

முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி நிறுவனங்களை வாங்கி லாபத்துக்கு விற்கும் பிரைவேட் ஈக்விட்டி கம்பெனிகள் ஆஸ்பத்திரிகளை வாங்கிச் சுரண்டுவதைத் தடுக்க அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகச் சட்டம் வருகிறது. அதில் அதிகம் பாராட்டப்படுவது மாசசூசெட்ஸ் கவர்னர் மாரா ஹீலி 2025 ஜனவரி 8 அன்று கையெழுத்திட்ட சட்டம். அந்தப் பாராட்டில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

ஸ்டீவர்ட் கதை தெரியாமல் இந்தச் சட்டம் புரியாது. 2010இல் செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பாஸ்டன் கத்தோலிக்க உயர் மறைமாவட்டத்தின் ஆறு ஆஸ்பத்திரிகளை வாங்கி, ஸ்டீவர்ட் ஹெல்த் கேர் என்று பெயர் வைத்தது. 2016இல் ஸ்டீவர்ட் தன் மாசசூசெட்ஸ் ஆஸ்பத்திரிகளின் நிலத்தையும் கட்டடங்களையும் மெடிக்கல் பிராப்பர்ட்டீஸ் டிரஸ்ட் என்ற ரீட் (REIT: சொத்து வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டு அமைப்பு) கம்பெனிக்குச் சுமார் 120 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, அதே கட்டடங்களில் வாடகைக்கு உட்கார்ந்தது. வந்த பணத்தில் பெரிய பங்கு முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. ஆஸ்பத்திரிக்கு மிஞ்சியது வாடகை. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அது வருடா வருடம் ஏறும். சொத்து வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் தலையில்.

2024 மே 6 அன்று ஸ்டீவர்ட் திவால் மனு போட்டபோது எட்டு மாநிலங்களில் 31 ஆஸ்பத்திரிகள் அதன் கையில் இருந்தன. மொத்தப் பொறுப்பு சுமார் 900 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 660 கோடி நீண்டகால வாடகைக் கடமை. சப்ளையர்களுக்குப் பாக்கி கோடிக்கணக்கில். அதன் விளைவு ஏட்டோடு நிற்கவில்லை. ரத்தக்கசிவை அடைக்கும் காயில்களை, பணம் வராததால் சப்ளையர் திரும்ப எடுத்துப் போயிருந்தார். 2023 அக்டோபரில் ஸ்டீவர்டின் செயின்ட் எலிசபெத் ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்த ஒரு தாய்க்கு அந்தக் காயில் தேவைப்பட்டது. இல்லை. அவர் இறந்துபோனார்.

இதெல்லாம் முன்கூட்டியே ஏன் தெரியவில்லை? கணக்கு கொடு என்று மாநிலத்தின் தகவல் மையம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, ஸ்டீவர்ட் கொடுக்க மறுத்துக் கோர்ட்டுக்குப் போனது. கணக்கு தராததற்கு அன்றைய அபராதம் வாரம் 1,000 டாலர், வருடத்துக்கு 50,000க்கு மேல் கிடையாது. இப்போது வாரம் 25,000, உச்சவரம்பும் இல்லை. கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 13 லட்சம் டாலர். பெரிய ஆஸ்பத்திரிச் சங்கிலி ஒன்று இதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போகும். வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்திருக்க வேண்டும்.

எனக்குச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம், பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒன்று. அரசு மருத்துவக் காப்பீட்டுக்குப் பொய் பில் போட்டால் இதுவரை மாட்டுவது கிளினிக்கோ ஆஸ்பத்திரியோதான். முதலாளி நாலு கம்பெனிக்குப் பின்னால் இருப்பார். இனி 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர், மோசடி நடப்பது தெரிந்தும் 60 நாளுக்குள் அரசிடம் சொல்லாவிட்டால் அவரும் பொறுப்பு. "எனக்கென்ன தெரியும், நான் பணம் போட்டவன்" என்று கையை விரிப்பது இனிக் கொஞ்சம் கஷ்டம்.

ஆஸ்பத்திரிகளை விற்கும் வாங்கும் பேரங்களைக் கட்டுப்படுத்துவதில் சட்டம் பலவீனம். பெரிய முதலீட்டாளர் நுழைந்தாலும், நிலத்தை விற்று வாடகைக்கு எடுத்தாலும், லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி வணிக நிறுவனமாக மாறினாலும் 60 நாளுக்கு முன்பே சுகாதாரக் கொள்கை ஆணையத்துக்கு நோட்டீஸ் தர வேண்டும். பேரம் முடிந்த பிறகும் ஐந்து வருடம் வரை ஆணையம் கணக்குக் கேட்கலாம். நல்லது. ஆனால் அது பேரத்தை நிறுத்த முடியாது. ஆராயலாம், அறிக்கை எழுதலாம், மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான்.

நேரடித் தடை என்று சொல்லத்தக்கது ஒன்றே: பிரதான வளாகத்தை ரீட் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக்கு லைசென்ஸ் கிடையாது. 2024 ஏப்ரல் 1க்கு முன் இருந்த லீஸ்களுக்கு விலக்கு. அதைவிடப் பெரிய ஓட்டை, தடை ரீட் என்ற வடிவத்துக்கு மட்டும் என்பது. செயின்ட் எலிசபெத் நிலம் கடைசியில் யாரிடம் மாட்டிக்கொண்டிருந்தது? கடன் கொடுத்த அப்போலோ என்ற அமெரிக்க முதலீட்டுக் குழுவிடம். அது ரீட் அல்ல. மாநில அரசே நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தித்தான் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றியது.

திவால் கோர்ட் விஷயத்தையும் சட்டம் தீர்க்கவில்லை. ஆஸ்பத்திரியை மூட 120 நாள் முன்னறிவிப்பு என்ற விதி அப்போதே இருந்தது. ஸ்டீவர்டின் கார்னி, நஷோபா வேலி ஆஸ்பத்திரிகள் 2024 ஜூலை 26இல் அறிவிப்பு வந்து ஆகஸ்ட் 31இல் மூடப்பட்டன. மத்திய திவால் சட்டத்தின் முன் மாநில விதி அவ்வளவுதான் நின்றது. ஆகவே காப்பு முன்கூட்டியே வேண்டும்: கடனுக்கும் வாடகைக்கும் உச்சவரம்பு, சப்ளையர் பாக்கி எல்லை மீறினால் உடனே தகவல்.

மருத்துவர் குழுக்களின் கதை தனி. அங்கே மேனேஜ்மென்ட் கம்பெனி என்ற பெயரில் முதலீட்டாளர் நுழைந்து கிளினிக்கையே ஆளுகிறார். மாசசூசெட்ஸ் அவர்களிடம் கணக்கு மட்டும் கேட்கிறது. ஒரேகான் 2025 ஜூனில் கொண்டுவந்த சட்டம், நிர்வகிக்கும் கம்பெனி அதே கிளினிக்கில் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. பழைய அமைப்புகளுக்கு 2029 ஜனவரி வரை அவகாசம். மாசசூசெட்ஸ் அடுத்த மசோதாவை எழுதும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இந்தப் பிரிவைத்தான்.