நீல மின்னல் தெரிந்தால் சுனாமி வருமா?

"குளச்சல் வானத்துல நீல மின்னல், மூணு நாள்ல சுனாமி, யாரும் கடலுக்குப் போகாதீங்க" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வீடியோவோடு சுற்றுகிறது. 2004-ஐக் கண்ணால் பார்த்த கரை இது, பயம் புரிகிறது. ஆனால் செய்தி தவறு. சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் வருவது. மேகத்துக்குள் பிறக்கும் மின்னலுக்கு அதில் வேலையே இல்லை.

நீல மின்னல் என்று ஒன்று நிஜமாகவே உண்டு. அது தரைக்கு இறங்காது. இடிமேகத்தின் உச்சியிலிருந்து மேல்நோக்கிப் பாய்ந்து 40, 50 கிலோமீட்டர் உயரம் வரை போகும். ஒரு நொடிகூட நிற்காது. கீழே நிற்கும் நமக்கு மேகமே மறைத்துவிடும். 2015 செப்டம்பரில் டென்மார்க் விண்வெளி வீரர் ஆண்ட்ரியாஸ் மோகென்சன் விண்வெளி நிலையத்திலிருந்து இதைப் படம்பிடித்தார். எங்கே? நம் வங்கக் கடலுக்கு மேலேதான். சுனாமி ஒன்றும் வரவில்லை.

சரி, வீடியோவில் இருப்பது என்ன? வெளிச்சம் தென்னை உயரத்தில் தொடங்குகிறது, பல நொடிகள் துடிக்கிறது. இது மின்னலின் குணம் அல்ல. மின்கம்பி உரசினாலோ டிரான்ஸ்பார்மர் வெடித்தாலோ இப்படி நீலப்பச்சையாக மேகத்தின் அடி மின்னும். 2018 டிசம்பரில் நியூயார்க் வானமே நீலமானதற்கும் ஒரு துணைமின் நிலையக் கோளாறுதான் காரணம்.

சுனாமி எச்சரிக்கை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையத்திலிருந்து வரும். அவர்கள் பார்ப்பது நில அதிர்வையும் கடல்மட்டத்தையும். மின்னலின் நிறத்தை அல்ல.