மதிலைக் கட்டுங்கள், தண்ணீரை மறிக்காதீர்கள்

எங்கள் ஒழுங்கையின் மூலைக் காணியில் எழுந்த புது மதிலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் நடந்ததை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இன்று காலை கடையில் ஒருவர், "மதிலை இடிக்கச் சொல்லிச் சண்டை பிடித்தது நீங்கள்தானா?" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

நான் மதிலை இடிக்கச் சொல்லவில்லை. பொதுநோக்கு மண்டபத்தில் அன்றைக்கு இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மதிலைக் கட்டுங்கள், அடியில் தண்ணீர் போக வழி விடுங்கள்.

எங்கள் ஒழுங்கை எப்படிச் சரிகிறது என்று இங்கே இருப்பவர்கள் அறிவீர்கள். பெரிய வீதிப் பக்கம் மேடு, கோவில் பக்கம் பள்ளம். மேட்டில் விழும் மழை வேலியோரமாக வெட்டிய கானால், அதாவது சிறு வடிகாலால் ஓடி, மூலைக் காணியின் ஓரத்தால் திரும்பி, பின்னால் இருக்கும் கழிவு வாய்க்காலில் விழும். வைகாசியில் அந்த மூலைக் காணிக்கு டிப்பர் டிப்பராகக் கிரவல் வந்தது. நிலம் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. ஆவணியில் சுற்றிவர மதில் எழுந்தது. கான் திரும்பிய இடத்தில் இப்போது மதிலின் அத்திவாரம் இருக்கிறது. இனி அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் நாலு வீட்டு முற்றத்தில்தான் நிற்க வேண்டும். நாலில் ஒன்று எங்களுடையது.

முன்னர் இந்த ஒழுங்கை முழுக்க வேலிதான். கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி. அது ஆட்டையும் மாட்டையும் மறிக்கும், மழைத் தண்ணீரை மறிக்காது. போர் முடிந்து 2010 இல் மீள்குடியேறி வந்தபோது கதியால் தேடக்கூட வசதியில்லாமல் ஓட்டை விழுந்த தகரங்களை நட்டுக்கொண்டு இருந்தோம். இன்று காசு புழங்கும் வீடுகளில் மதில் எழுகிறது. எழட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. கட்டாக்காலி மாடுகளின் தொல்லை இருக்கிறது. கள்ளர் பயம் இருக்கிறது. வீட்டில் வயதுவந்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் நியாயம். ஆனால் மதிலுக்கு அடியில் ஒரு கொங்கிரீட் குழாயை வைத்தால் எந்தக் கள்ளன் அதற்குள்ளால் ஊர்ந்து வரப்போகிறான்?

"என்னுடைய காணிக்குள் நான் கட்டுகிறேன்" என்பது மதில் கட்டியவர் சொன்ன முதல் நியாயம். கான் எவருடைய காணிக்குள்ளும் இல்லை. வரைபடத்தில் அது ஒழுங்கையோடு சேர்த்துக் கீறப்பட்டிருக்கிறது. இந்தப் பக்கத்தில் உறுதிக் காணி, அதாவது முழுச் சொந்தமான காணி வைத்திருப்பவர்கள் குறைவு. அநேகமானவர்கள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று இருப்பவர்கள். ஒரே விதமான பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் எப்படிக் கானுக்கும் சொந்தக்காரர் ஆனார்?

அவர் இரண்டாவதாகக் கேட்ட கேள்வியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "பள்ளத்தில் வீடு கட்டினது யாருடைய பிழை?"

பதில் சொல்கிறேன். முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களிடம், மேடு வேண்டுமா பள்ளம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக. ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. அத்திவாரத்தை இன்னும் உயர்த்துவோம் என்று மேசன் சொன்னார். எதைக் கொண்டு உயர்த்துவது? என் கணவர் பகலில் கூலிக்குப் போய்விட்டு வந்து, இரவில் லாம்பு வெளிச்சத்தில் கல் அரிந்தார். காதில் கிடந்த தோடு அடைவுக்குப் போனது. அப்படிக் கட்டிய வீட்டைப் பார்த்துப் பிழை என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

அதைவிட, அப்போது அது வெள்ளம் நிற்கிற இடமே இல்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோதுகூட, எங்கள் முற்றத்துக்கு வந்த தண்ணீர் இரண்டு நாளில் கானால் இறங்கிவிட்டது. இந்தப் புரட்டாதியில் பெய்த ஒரேயொரு பின்னேர மழைத் தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. எங்கள் நிலம் மாறவில்லை, மதில்தான் புதிது. இன்னும் ஐப்பசி இருக்கிறது, கார்த்திகை இருக்கிறது, மார்கழி இருக்கிறது. எங்கள் மழை இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டும் என்று வன்னியில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒரு கிழமையில் வற்றிவிடும்" என்றும் சொன்னார்கள். அந்த ஒரு கிழமையில் மலசலகூடக் குழி நிரம்பி மேலே வரும். அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கும். குளோரின் போட்டுக் கிணற்றை இறைக்கும்வரை குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் ஒரு சிறு புண்ணோடு நடந்தாலே எலிக்காய்ச்சல் வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சலால் ஆட்கள் செத்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். என் மாமிக்கு நீரிழிவு. பாதத்தில் ஆறாத புண். மலசலகூடத்துக்குப் போவதென்றால் அவர் அந்தத் தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். இந்த ஒரு கிழமைக் கதையை அவருக்கு முன்னால் வந்து சொல்லுங்கள்.

கோவில் மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தந்தவர், அவரோடு இப்படிக் கதைக்கலாமா என்று ஒரு அக்கா தொலைபேசியில் கேட்டார். கூரை போட்டது நல்ல காரியம், நானும் அதற்குக் கீழே நின்றுதான் கும்பிடுகிறேன். அதற்காகக் கானை எழுதிக் கொடுக்க முடியாது.

இன்னொருவர், "தங்கச்சி, நீங்கள் இருங்கள், பெரியாட்கள் கதைக்கட்டும்" என்றார். பெரியாட்கள் கதைத்தார்கள்தான். தேநீர் வந்தது, விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து வாங்குவதைப் பற்றிக் கதைத்தார்கள், கூட்டம் முடிந்தது. வெள்ளம் வந்தால் வாளியோடு இறங்கி இறைப்பது பெண்கள். அரிசிப் பானையைப் பரணில் ஏற்றுவதும், பிள்ளைகளின் புத்தகங்களைக் காயவைப்பதும் பெண்கள். கதைப்பதற்கு மட்டும் நாங்கள் சின்ன ஆட்கள்.

என் அப்பா இரணைமடுவின் கீழ் வயல் செய்தவர். சிறுபோகக் கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கத்துவார். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று எத்தனையோ சண்டை. ஆனால் கீழ் வயலில் நெல் விளைந்து அறுவடைக்கு நின்றால், மேல் வயல்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் வரம்பை வெட்டமாட்டார். கழிவு வாய்க்காலை மூடினார் என்று ஒருவரைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை. முகம் பார்த்துக் கதைக்காதவர்கள்கூட மற்றவனின் வயலுக்குள் தண்ணீரைத் தேக்கவில்லை.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை. அந்தப் பள்ளத்துக் கேள்வியைக் கேட்டவர் வேறு யாராகவும் இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். போர்க்காலத்தில், 2008 இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாகப் போனபோது, அந்தக் குடும்பமும் நாங்களும் ஒரே பங்கருக்குள், ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள். அந்த அண்ணை வெட்டிய பங்கருக்குள் என் பிள்ளைகள் படுத்தார்கள். எங்களிடம் இருந்த கடைசிப் பருப்பில் அவருடைய பிள்ளைகளுக்கும் கஞ்சி வைத்தோம். மெனிக்பாம் முகாமில் தண்ணீர் பவுசர் வரும்போது ஒரே வரிசையில் தண்ணீர்க் கலனோடு நின்றோம். இந்த ஒழுங்கைக்குத் திரும்பிய பிறகும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் நுழைந்து வர ஒரு வேலிப்பொட்டு இருந்தது. அவருடைய மனைவி அதனால்தான் கறி கொண்டுவருவார். மதில் எழுந்த அன்று அதுவும் அடைபட்டது. அதைப் பற்றி நான் ஒரு சொல் கேட்டேனா? ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீருக்கு மட்டும்தான் கேட்டேன். அதற்குத்தான் எல்லோருக்கும் முன்னால் அந்தப் பதில்.

வீட்டுப் பிரச்சினையை ஏன் முகநூலுக்குக் கொண்டுவருகிறாய் என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நேரே போய்க் கேட்டோம். சங்கத்தில் கேட்டோம். கடிதம் கொடுத்த இடத்தில் இன்னொரு இடத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் பழைய இடத்தையே காட்டினார்கள். வேறு எங்கே கொண்டுபோவது?

குழாய்க்கும் கூலிக்கும் வருகிற செலவில் பாதியைக் கீழே இருக்கும் நாலு வீடும் சேர்ந்து தருகிறோம். இதை ஞாயிற்றுக்கிழமையே சொன்னேன், கூட்ட அறிக்கையில் எழுதவில்லை என்று அறிகிறேன். மேசனோடும் கதைத்துவிட்டேன். அத்திவாரத்தில் ஒரு இடத்தை மட்டும் உடைத்துக் குழாயை வைத்து மேலே திரும்பப் பூசிவிடலாம், மதிலுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் வேண்டும். கருத்து எழுதுபவர்கள் தயவுசெய்து அந்த அண்ணையின் பெயரை எழுத வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவேன்.