சுவர் மூழ்கினால் கடல் ஏறியது என்று பொருளா?

கடலடியில் பாசி படர்ந்த கற்சுவர் ஒன்றின் படம் வந்தால் போதும், இரண்டு கூட்டம் கிளம்பிவிடுகிறது. ஒன்று கடல்கோள் கதையை எடுக்கிறது. அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. மற்றொன்று, "காரும் ஆலையும் இல்லாத காலத்திலேயே கடல் ஏறியிருக்கிறதே, இப்போது என்ன கூப்பாடு?" என்று கேட்கிறது. எரிச்சல் இங்கேதான் வருகிறது. அந்தக் கற்கள் இவர்களுக்கு எதிராக அல்லவா சாட்சி சொல்கின்றன!

இஸ்ரேலில் உள்ள சிசேரியாவைப் பாருங்கள். ஏரோது மன்னன் கி.மு. 22 வாக்கில் தொடங்கி, நேப்பிள்ஸ் பக்கத்து எரிமலைச் சாம்பலைக் கப்பலில் வரவழைத்து, கடலுக்குள்ளேயே கான்கிரீட் வார்த்துக் கட்டிய துறைமுகம். அதன் அலைத்தடுப்புச் சுவர் இன்று சுமார் 5 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கடல் 5 மீட்டர் ஏறிவிட்டதா? அதே ஊரின் கரையோரக் கிணறுகள் இல்லை என்கின்றன. கரையோர நிலத்தடி நீர் கடல்மட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அந்தக் கிணறுகளின் கணக்குப்படி, ரோமானியர் காலக் கடல் ஏறக்குறைய இன்றைய மட்டத்தில்தான் இருந்தது. இறங்கியது சுவர். மணல் நெகிழ்ந்ததா, நிலநடுக்கமா, ஆழிப்பேரலையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

கிரீட் தீவின் பலசர்னாவில் நேர்மாறு. அங்கே துறைமுகம் தரையில் காய்கிறது. கி.பி. 365 நிலநடுக்கம் அந்தக் கரையை 6 மீட்டருக்கு மேல் தூக்கிவிட்டது. கடல் இறங்கிவிட்டது என்று யாராவது பதிவு போடுகிறார்களா?

இத்தாலியின் பொட்சுவோலி இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பழைய சந்தை ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் அங்கே நிற்கின்றன. அடியிலிருந்து மூன்றரை மீட்டர் வரை வழவழப்பு. அதற்கு மேல் இரண்டரை மீட்டருக்குக் குறையாத பட்டை முழுக்க, கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பிகள் குடைந்த ஓட்டைகள். அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்ததால் தப்பித்தது. மேற்பகுதி கடலில் முழுகிக் கிடந்தது. பிறகு தூண்கள் நின்ற வாக்கிலேயே மேலே வந்துவிட்டன. சார்லஸ் லயல் 1830-இல் தன் நிலவியல் நூலின் முகப்புப் படமாகவே இவற்றை வைத்தார். அடியில் இருக்கும் எரிமலை மூச்சு விடுவதுபோல் நிலத்தை ஏற்றி இறக்குகிறது. 1982–84-இல் மட்டும் நிலம் சுமார் 1.8 மீட்டர் எழும்பியது.

ஆக, ஆழம் என்பது நிலக் கணக்கும் கடல் கணக்கும் கலந்த தொகை. இரண்டையும் பிரிக்க, நிலம் அவ்வளவாக ஆடாத கரைக்குப் போக வேண்டும். பிரான்சின் மார்செய் நகரப் பழைய துறைமுகத்தில் ஆய்வாளர்கள் கட்டுமானங்களில் ஒட்டியிருந்த கொட்டலசு என்னும் ஓட்டுயிரியையும் சிப்பியையும் அளந்தார்கள். இவை ஒரு மட்டத்துக்கு மேலே ஏறி வாழாது; மேல்விளிம்பு எங்கே முடிகிறதோ அதை ஒட்டித்தான் அன்றைய நீர்மட்டம். கணக்கு, சுமார் 2,000 ஆண்டுகளில் அரை மீட்டர் அளவில்தான் வந்தது.

இத்தாலியக் கரையில் ரோமானியச் செல்வர்கள் வெட்டிய மீன்தொட்டிகளும் இருக்கின்றன. அவற்றின் மதகையும் நடைமேடையையும் வைத்து, கடல் அப்போது இன்றைவிட 1.35 மீட்டர் தாழ்ந்திருந்தது என்று நிலவியலாளர் கர்ட் லாம்பெக்கின் குழு 2004-இல் கணித்தது. அதிலும் பெரும்பங்கு, பனியுகப் பனி உருகிய பாரமாற்றத்துக்கு நிலம் வளைந்துகொடுத்ததால் வந்தது. பின்னால் வந்த வேறொரு குழு, அவ்வளவுகூட இல்லை, அதில் பாதிக்கும் குறைவுதான் என்றது. எந்த விளிம்பு நீருக்கு மேலே இருந்திருக்கும் என்பதில்தான் சண்டை. இப்படிச் சென்டிமீட்டருக்கு மல்லுக்கட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இப்போது நீங்களே பெருக்கிப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டில் கடல் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஏறியது. ரோமானியர் காலம் தொட்டே அதே வேகம் இருந்திருந்தால், இன்றைக்கு 3 மீட்டர் சேர்ந்திருக்க வேண்டும். மார்செய்யும் மீன்தொட்டிகளும் அதற்கு இடமே தரவில்லை. அப்படியானால் அந்த வேகம் அண்மையில் தொடங்கியது. 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளப்பதோ, சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கும் மேல்.