முதல் காலத்தில் ஃபங்க், இரண்டாம் காலத்தில் த்ராஷ்: மோர்ட்ரெட்டின் ‘இன் திஸ் லைஃப்’

மெட்டலில் டர்ன்டேபிள் (டிஜே இசைத்தட்டைக் கையால் தேய்த்து வாசிப்பது) என்றாலே லிம்ப் பிஸ்கிட், ஸ்லிப்நாட், லிங்கின் பார்க் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மோர்ட்ரெட் குழு அதை 1989லேயே ‘ஃபூல்ஸ் கேம்’ ஆல்பத்தில் செய்துவிட்டது. ரிக் ஜேம்ஸின் ‘சூப்பர் ஃப்ரீக்’ என்ற ஃபங்க் (தாளம் தூக்கலான ஆட்ட இசை) பாட்டையும் அதே ஆல்பத்தில் த்ராஷாக, அதாவது அதிவேக மெட்டலாக, வாசித்தார்கள். 1991ல் ‘இன் திஸ் லைஃப்’ வந்தபோது டிஜே ஆரன் வான் குழுவில் ஒருவராகவே ஆகிவிட்டார். இந்த ஆல்பத்தை யாரும் பேசாதது எனக்குப் பெரிய ஆதங்கம்.

இந்த ஃபங்க்-த்ராஷ் கலவையில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: நாலு பார் (தாளச் சுற்று) ஃபங்க், நாலு பார் த்ராஷ் என்று ஒட்டுப்போடுவார்கள், தையல் பளிச்சென்று தெரியும். கணக்கைப் பாருங்கள். ஃபங்க் 100 டெம்போ (நிமிடத்துக்கு 100 பீட்), ஒரு பீட்டுக்குக் கிட்டாரில் நாலு தட்டு. த்ராஷ் 200 டெம்போ, ஒரு பீட்டுக்கு இரண்டு. இரண்டிலும் நிமிடத்துக்கு 400 தட்டுதான்! நம்மூர்ப் பேச்சில் ஒன்று முதல் காலம், மற்றது இரண்டாம் காலம். கிட்டார்காரரின் வலது கை மாற வேண்டியதே இல்லை. டிரம்ஸில் ஸ்நேர் அடி நிமிடத்துக்கு 100லிருந்து 50க்கு இறங்கினால் த்ராஷ் ஃபங்க் ஆகிவிடும்.

வாசிப்பவர்களுக்கு அடுத்த சிக்கல் மௌனம். ஃபங்க் வாழ்வது தட்டுகளுக்கு நடுவிலிருக்கும் இடைவெளியில். கிட்டாரைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கி அந்த இடைவெளியை அடைத்துவிடும். அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினைக் குறையுங்கள், இடது கை விரல்களைத் தந்தியிலிருந்து எடுக்காமல் லேசாகத் தளர்த்தி சத்தத்தை அறுங்கள். இரண்டு கிட்டாரில் ஒன்று மெல்லிய மூன்று தந்திகளில் மட்டும் வெட்டி வெட்டி வாசித்தால் பேஸுக்கு இடம் கிடைக்கும். அப்படியும் கலங்கலாக இருந்தால் கிட்டாரில் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்குங்கள். த்ராஷ்காரர்கள் இதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார்கள், தெரியும்.

ஆல்பத்துக்கு நேரம்தான் சரியில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் மெட்டாலிக்காவின் கறுப்பு ஆல்பம், செப்டம்பரில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’. மோர்ட்ரெட்டை வெளியிட்ட பெர்லினின் நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் அந்த அலைக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

முதலில் ‘ஃபாலிங் அவே’, பிறகு ‘எஸ்ஸே குவாம் விடேரி’ கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அது அதில் ஏறவே ஏறாது, குழுவின் பேஸ்காரர் ஆர்ட் லிபூனின் வாசிப்பில் பாதி போய்விடும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள்.