வழிந்து போனது யாருடைய தண்ணீர்?

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் சென்னையில் யாருக்கும் புதிதல்ல. அதைக் கேட்டும் கேளாதவர்போல் காபி குடித்துக்கொண்டிருப்பவர்களும் புதியவர்கள் அல்லர். ஆனால் இன்று காலை எங்கள் தெருவில் நடந்ததை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. இரவே வந்துவிடும் என்று சொன்ன தண்ணீர் லாரி எங்கள் குடியிருப்புக்கு வரவில்லை. சம்ப்பின், அதாவது நிலத்தடித் தொட்டியின், அடியில் வண்டல் தெரிகிறது. குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறுகிறது. அந்த நேரத்தில்தான் பக்கத்துக் குடியிருப்பின் மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அது இரண்டாம் மாடியின் சன்ஷேடில் விழுந்து தெறித்து, பாசி பிடித்த சுவர் வழியாக இறங்கி, வாசலில் நின்ற ஸ்கூட்டர்களையெல்லாம் நனைத்துவிட்டு, தெருவோரமாக ஓடி மழைநீர் வடிகாலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஓடினேன். “மோட்டார் ரூம் பூட்டியிருக்கு மேடம், சாவி டிரஷரர் சார்கிட்ட இருக்கு” என்றார் காவலாளி. மோட்டாரைப் போட்டுவிட்டு, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர்கள் குடியிருப்புச் சங்கத்தின் டிரஷரர் கடற்கரைக்கு நடக்கப் போயிருக்கிறார். அவருடைய கைப்பேசியை அழைத்தால் அது வீட்டுக்குள்ளேயே ஒலிக்கிறது. அவர் மனைவி கதவைத் திறந்து, “அவர் வந்ததும் சொல்றேங்க” என்று பொறுமையாகச் சொன்னார். மாற்றுச் சாவி செயலாளரிடம் இருக்கிறதாம். செயலாளர் வேளச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அப்படியானால் மெயினையாவது அணையுங்கள் என்றேன். “மெயினை ஆஃப் பண்ணா லிஃப்ட் நின்னுடும் மேடம், அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க” என்றார் காவலாளி. அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் அறையில் ஒரு குழாய்கூடக் கிடையாது, குளிப்பதற்கு வாசலில் வைத்த பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து மொண்டு கொள்கிறவர் அவர்.

நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “நாங்க காசு குடுத்து வாங்குற தண்ணிதானேம்மா, உங்களுக்கு என்ன கஷ்டம்?”

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். காசு கொடுத்துவிட்டால் தண்ணீர் உங்களுடையதாகிவிடுமா, ஐயா? உங்கள் சம்ப்பில் லாரி கொட்டிவிட்டுப் போகும் தண்ணீர், நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் வயற்கிணறுகளிலிருந்து இரவும் பகலும் உறிஞ்சப்படுவது. அப்படி உறிஞ்சி உறிஞ்சித்தான் மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடிக்குள் கடல்நீர் பல கிலோமீட்டர் தூரம் புகுந்தது. சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் குழாயில் வருவதும் நம் ஊர்த் தண்ணீர் அன்று. 1983-இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தம் போட்டு 1996-இல்தான் முதன்முதலாக வந்து சேர்ந்த கிருஷ்ணா நீர், அங்குள்ள கண்டலேறு அணையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாயில் ஓடிவந்து பூண்டி ஏரியை அடைகிறது. 2004 முதல் வரும் வீராணம் நீர், கடலூர் மாவட்டத்து உழவர்களின் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வருகிறது. எதுவும் போதாமல் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் மின்சாரத்தைக் கொட்டிக் கடல்நீரின் உப்பைப் பிரித்தெடுத்துக் குடிக்கிறோம். ஊரான் வீட்டு நெய்யை வாங்கி வந்து சாக்கடையில் ஊற்றிவிட்டு, என் காசு என்கிறார் இந்த மனிதர்.

2019 ஜூன் மாதம் அதற்குள் மறந்துவிட்டதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன, ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் காவிரி நீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே ஊர் இது. பெய்யும் மழையைத் தேக்கி வைக்க வேண்டிய ஏரிகளையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் வீட்டுமனைகளாகவும் குப்பைமேடாகவும் ஆக்கிவிட்டு, நான்கே ஆண்டுகளில் ரயிலின் வரவுக்குக் குடத்தோடு காத்திருந்தோம்.

அந்த மோட்டார் நிமிடத்துக்கு நூறு லிட்டர்தான் ஏற்றுகிறது என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் மூவாயிரம் லிட்டர் தெருவில் ஓடியிருக்கிறது. 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் தண்ணீர் தீரும் நாளைத் தள்ளிப்போட ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தது. அந்தக் கணக்கில் அறுபது பேர் ஒரு நாள் முழுக்கக் குடித்து, சமைத்து, குளித்திருக்க வேண்டிய தண்ணீர் இது. பூமியிலுள்ள நீரில் நன்னீர் சுமார் 2.5 சதவீதந்தான், அதிலும் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கிறது. ஐ.நா. அமைப்புகளின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீடுவரை வந்து சேர்வதில்லை. தேவையோ ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகிறது. இத்தனைக்கும் நடுவில், தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் சென்சார் ஒன்றை ஒரு லாரித் தண்ணீரின் விலையில் வாங்கிவிடலாம் என்பதுதான் எனக்கு ஆறவேயில்லை.

டிரஷரர் திரும்பி வந்து நிதானமாகப் பூட்டைத் திறந்தார். சென்சார் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். ஏற்கெனவே பேச்சு வந்ததாகவும், செலவைப் பகிர்வதில் உடன்பாடு இல்லாததால் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைத்திருப்பதாகவும் சொன்னார். பொதுக்குழு தீபாவளிக்குப் பிறகாம். அதுவரைக்கும் சாவி காவலாளியிடம் இருக்க வேண்டும், டிரஷரரின் சட்டைப்பையில் அல்ல என்று எழுதி அவர்கள் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் லாரி இன்னும் வரவில்லை.