ரப்பர் பேண்ட் வேண்டாம், பட்டை போதும்

சாக்ஸ் நழுவாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே மாட்டும் சாக்ஸ் பட்டை காலாவதியான பொருள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சாக்ஸின் வாயிலேயே எலாஸ்டிக் வந்த பிறகு ஆண்கள் அதை விட்டுவிட்டார்கள், சரி. ஆனால் பள்ளி சாக்ஸை நாலு தடவை துவைத்தால் அந்த எலாஸ்டிக் தொளதொளத்துவிடுகிறதே! என் மகள் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் கழற்றினால் முழங்காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு, தொட்டாலே முகம் சுளிப்பாள். மெல்லிய ரப்பர் மொத்த இறுக்கத்தையும் ஒரே கோட்டில் போடுகிறது. அகலப் பட்டை அதைப் பரப்பிவிடும். ஓர் அங்குல எலாஸ்டிக்கில், பை வாரில் இருப்பது மாதிரி நகரும் வளையம் கோத்து நானே தைத்தேன். வளையத்தை நகர்த்தினால் இறுக்கலாம், தளர்த்தலாம். உள்ளே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இப்போது கோடு விழுவதில்லை. தயவுசெய்து பிள்ளைகளின் காலை ஒருமுறை பாருங்கள்.