குர்சுராவுக்குள் வசனம் பேசியவருக்கு

அந்த விசாகப்பட்டின ரீல்ஸை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த முன்னாள் கடற்படைக்காரரைக் கையசைத்து ஒதுங்கச் சொல்லிவிட்டு, தம்பி ஒருவர் சினிமா வசனம் முழங்குகிறார். "அவரைப் பேசவிட்டிருக்கலாம்" என்று ஒரு வரி எழுதினேன். எனக்கு நாட்டுப்பற்று இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது.

போர்ப் படங்களோடு எனக்குப் பகையில்லை. 2017இல் 'காஸி'யை முதல் வாரத்திலேயே பார்த்துக் கைதட்டியவன் நான். ஆனால் அந்தப் படத்தில் காஸி என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கியை வீழ்த்துவது ஓர் இந்திய நீர்மூழ்கி. நம் கடற்படையே சொல்லும் வரலாற்றிலோ, 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், காஸியைக் குறிவைத்து வெடிகுண்டுகளைக் கடலுக்குள் வீசியது ராஜ்புத் என்னும் போர்க்கப்பல். குர்சுரா அந்தப் போரில் அரபிக்கடலில் ரோந்து சுற்றியது. ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. இதைச் சொன்னால் அவமதிப்பாம். 91 மீட்டர் நீளக் குழாய்க்குள் 75 பேர் அடைந்து கிடந்து, கட்டளைக்காகக் காத்திருந்ததும் போர்தான் ஐயா. காத்திருப்பதுதான் அங்கே பெரும்பாலும் போர்.

என் தாய்மாமா குர்சுராவைப் போன்றே ஃபாக்ஸ்ட்ராட் என்னும் சோவியத் ரக நீர்மூழ்கியில் வேலை பார்த்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரைக் குர்சுராவுக்கு அழைத்துப் போனேன். அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள வட்டத் துவாரத்தில் நான் நெற்றியை இடித்துக்கொண்டு நிற்க, முழங்கால் வலிக்காரரான அவர் ஒரு காலை முதலில் நீட்டி, தலையைத் தாழ்த்தி, தன் வீட்டு அடுக்களைக்குள் நுழைவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டார். சமையலறை முன் நின்று, "சோத்துலயும் டீசல் வாடைதான்டா வரும்" என்றார். குளியலைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். அவ்வளவுதான் அவர் சொன்ன வீரக்கதை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க, செல்ஃபி எடுக்கணும்."

படம் பார்த்துவிட்டுத்தானே கூட்டம் வருகிறது, நுழைவுக் கட்டணம் சேர்கிறது என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. கலைஞனின் சுதந்திரம் என்பீர்கள். அதைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார். எதிரிக்காக உருகுகிறாயா என்று கேட்டவருக்கு மட்டும் ஒன்று: காஸி விசாகப்பட்டினக் கரைக்கு அப்பால், கடலடியில்தான் இன்னும் கிடக்கிறது, உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தக் குழாயின் இறுக்கத்தை நெற்றியில் வாங்கியவனுக்கு அதை நினைத்துக் கைதட்ட வரவில்லை. இது குற்றமென்றால் குற்றமாகவே இருக்கட்டும். ஆயிரம் லைக் வாங்கிய தம்பிக்கு என் வாழ்த்துகள்.

நேற்று மாமாவுக்கும் அந்த ரீல்ஸைக் காட்டினேன். வசனத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒதுங்கி நின்ற அந்த வழிகாட்டியின் மேல் விரலை வைத்து, "இவர் எந்தக் கப்பல்ல இருந்தாராம்?" என்று கேட்டார். மூன்று நாளாக அவருக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அது எனக்குத் தெரியவில்லை.